எழவு வீடு என்பது வசவா?

கேள்வி: என் அம்மா சென்ற வாரம் தவறிவிட்டார். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழேயே வைத்துச் சடங்குகளைச் செய்து, மண்டாயில் தகனம் முடித்தோம். பட்டுக்கோட்டையில் இருக்கும் சின்னம்மாவால் வர முடியவில்லை. வீடியோ அழைப்பில் அழுதுகொண்டே, "அக்கா எழவு வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போகக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலையே" என்றார். பக்கத்தில் நின்ற என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அன்று ராத்திரி, "பாட்டி இறந்ததுக்குச் சின்னப்பாட்டி ஏம்மா திட்டுறாங்க?" என்று கேட்டாள். வீட்டில் யாராவது 'என்ன எழவு இது' என்றால் நானே கண்டிப்பேன். அதனால் அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆவி எழுந்து போவதால்தான் அது எழவு என்கிறார் அண்ணன். அது சரியா? இது கெட்ட வார்த்தையா? 16ஆம் நாள் காரியம் முடிந்ததும் நாளிதழில் நன்றி அறிவிப்புப் போட வேண்டும். அதில் என்ன சொல் போடுவது?
ஈசூன் வாசகி

பதில்: உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. 16 நாள் முடிவதற்குள் ஒரு சொல்லுக்காக உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள் என்றால், மகளின் கேள்வி உங்களை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று புரிகிறது. மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் என் தொழில். மரண அறிவிப்பு, நினைவஞ்சலி, நன்றி அறிவிப்பு ஆகியவற்றை எழுதிக் கொடுப்பதும் அதில் அடக்கம். எனவே இந்தச் சொற்களோடு எனக்குப் புழக்கம் அதிகம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். சின்னம்மா திட்டவில்லை. அந்த நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

அண்ணன் சொல்லும் விளக்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். 'எழவு' என்று காதில் விழுவதால் 'எழு' என்ற வினை ஞாபகத்துக்கு வருவது இயல்புதான். ஆனால் எழுத்தில் அது 'இழவு'. முதல் எழுத்தில் 'இ' இருந்து, அடுத்த எழுத்தில் 'அ' அல்லது 'ஐ' ஓசை வந்தால், பேச்சில் அந்த 'இ' 'எ' ஆகிவிடும். இலை எலையாகிறது, இடம் எடமாகிறது, விறகு வெறகாகிறது. கிழவன் கெழவனாவதைப் பாருங்கள். இழவு எழவானதற்கு அச்சு அசலான ஜோடி அதுதான். அடுத்த எழுத்தில் 'உ' வந்தால் இந்த மாற்றம் நடப்பதில்லை. கயிற்றை 'இழு' என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், யாரும் 'எழு' என்பதில்லை. அப்புறம், எழு என்ற வினையிலிருந்து எழுச்சி, எழல் என்றுதான் பெயர்ச்சொற்கள் வரும். ஆவி எழுவதற்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு கிடையாது.

வேர் 'இழ'. அறி, அறிவு; பிரி, பிரிவு; துற, துறவு என்று வருகிற அதே வரிசையில் இழ, இழவு. பொருள்: இழப்பு. அவ்வளவுதான். பழந்தமிழில் இந்தச் சொல் சாவை மட்டும் குறிக்கவில்லை. திருக்குறளில் ஊழ் அதிகாரத்தில் 'பேதைப் படுக்கும் இழவூழ்' என்று வருகிறது (குறள் 372). செல்வத்தை இழக்கவேண்டிய விதி வந்துவிட்டால் அறிவும் மழுங்கிப்போகும் என்று அங்கே பேச்சு. இழவு ஊழ், இழவூழ். அந்தக் குறளில் யாரும் சாகவில்லை, கை நழுவிப் போவது பொருள்தான். மகள் பள்ளியில் திருக்குறள் படிப்பாள். இந்த எண்ணைச் சொல்லிக்கொடுத்து அவளையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வள்ளுவர் கையாண்ட சொல் என்று தெரிந்தாலே பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும்.

இழப்புகளிலெல்லாம் பெரிய இழப்பு ஆளை இழப்பது. பொதுவாக எல்லா இழப்பையும் குறித்த சொல், போகப்போக அந்த ஒன்றுக்கே உரியதாகிவிட்டது.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். சாவுக்குத் தமிழில் உள்ள சொற்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். நீங்கள் கடிதத்தில் 'தவறிவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். தவறியது யார்? அம்மா. காலமானார், மறைந்தார், இறைவனடி சேர்ந்தார், சிவபதம் அடைந்தார், இயற்கை எய்தினார் என்று எதை எடுத்தாலும் போனவர்தான் எழுவாய். அவருக்கு என்ன ஆயிற்று, அவர் எங்கே சேர்ந்தார் என்பதைத்தான் இவையெல்லாம் சொல்கின்றன. மலாய்க்காரர்கள் 'மெனிங்கல் துனியா' என்பதும் இப்படித்தான்: உலகை விட்டுச் சென்றார்.

இழவு மட்டும் இருப்பவர்களைப் பற்றிய சொல். இழந்தது யார் என்று கேளுங்கள். நீங்கள், உங்கள் அண்ணன், உங்கள் மகள், பட்டுக்கோட்டைச் சின்னம்மா. 'எழவு வீடு' என்றால் இழந்து நிற்கிறவர்களின் வீடு. ஊர்ப்பக்கம் 'அந்த வீட்டுல எழவு விழுந்திருச்சு' என்பார்கள். விழுந்தது அந்த வீட்டின் மேல். போனவர் போய்விட்டார், இடி வாங்கியது வீட்டில் இருப்பவர்கள்.

இந்தப் பார்வை நம் இலக்கியத்தில் பழையது. பறம்பு மலையை ஆண்ட பாரி கொல்லப்பட்ட பிறகு அவன் மகள்கள் பாடியதாக ஒரு பாட்டு புறநானூற்றில் இருக்கிறது (112). போன மாதத்து நிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று தொடங்கி, 'வேந்தர் எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே' என்று முடியும். அப்பா செத்தார் என்று ஓர் இடத்தில்கூட அந்தப் பெண்கள் சொல்லவில்லை. எங்களுக்கு அப்பா இல்லை என்கிறார்கள். குன்று போனதும் அப்பா போனதும் ஒரே மூச்சில் வருகின்றன. குறளில் பொருளுக்கும், பேச்சில் உயிருக்கும் ஒரே 'இழவு' புழங்குவதற்கும் இந்த அடிக்கும் ஒட்டுறவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி உயிர்விடும் இடத்தில் வரும் 'கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்' என்ற அடியிலும் இதே வேர்தான். மற்ற எதை இழந்தாலும் அதற்குப் பதில் ஒன்றைக் காட்டித் தேற்றலாம், கணவனை இழந்தவளுக்கு எதைக் காட்டுவது என்று அதற்குப் பொருள். அந்த 'இழந்தோர்' தான் சின்னம்மா. உடன்பிறந்த அக்காவை இழந்தவர், தன் இழவைத் தன் வாயால் சொல்லி அழுதிருக்கிறார்.

அப்படியானால் இது வசவானது எப்படி?

சாவோடு ஒட்டிய எதையும் வாயால் சொன்னாலே அது தேடி வந்துவிடும் என்ற அச்சம் நம்மிடம் உண்டு. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வர்றேன்' என்று சொல்லாமல் எழுந்து போகிற வழக்கம் இன்னும் இங்கே இருக்கிறதே, அதே அச்சம்தான். அப்படி ஒதுக்கிவைத்த சொல்லை ஆத்திரத்தில் ஒருவர் எடுத்து வீசினால் அதற்குத் தனி வேகம் வந்துவிடுகிறது. 'இந்த எழவெடுத்த லிஃப்ட் இன்னும் வரலையே', 'என்ன எழவோ தெரியலை' என்பதெல்லாம் அந்த வேகத்துக்காகச் சொல்வது. கருமம், பீடை, சனியன் எல்லாம் இதே வழியில் வசவானவை. வசவாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய தலைமுறைக்குச் சொல்லின் சொந்த வீடு மறந்துபோகிறது. உங்கள் மகளுக்கு நடந்ததும் அதுதான். 'எழவு' அவள் காதில் திட்டாக மட்டுமே விழுந்திருக்கிறது. துக்க வீட்டில் அதை அவள் கேட்டது இதுதான் முதல் முறையாக இருக்கும்.

பழமொழிகளைப் பார்த்தால் சொல்லின் பழைய நிலை தெரியும். 'இழவு சொன்னவன் பேரிலா பழி?' என்பார்கள். சாவுச் செய்தி கொண்டுவந்தவன் மேல் கோபப்பட்டு என்ன பயன் என்று அர்த்தம். 'இழவுக்கு வந்தவள் தாலி அறுப்பாளா?' என்று இன்னொன்று. துக்கம் கேட்க வந்தவளிடம் எவ்வளவுதான் எதிர்பார்ப்பது என்கிறது அது. இரண்டிலும் திட்டு வாடையே இல்லை. ஊரில் நடக்கும் ஒரு காரியத்தின் பெயராக இழவு அங்கே சும்மா இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே வேரிலிருந்து 'இழப்பு' என்று ஒரு சொல் உண்டு. விகுதி மட்டும்தான் வேறு. அது மேடை ஏறிவிட்டது. இரங்கல் செய்தி என்றாலே 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதுகிறோம், காப்புறுதிப் படிவத்தில் 'இழப்பீடு' என்கிறோம். இதையெல்லாம் யாரும் கெட்ட வார்த்தை என்று சொல்வதில்லை. சின்னம்மாவின் எழவும் இரங்கல் கூட்டத்து இழப்பும் உடன்பிறந்தவை. ஒன்று படித்தவர்கள் வாயில் விழுந்து மரியாதை பெற்றது, மற்றது வயலிலும் வாசலிலும் புழங்கி மரியாதை இழந்தது. இது எனக்கு எப்போதுமே வருத்தம் தருகிற விஷயம். கிராமத்துப் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்ன சொல் என்பதாலேயே அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டோம்.

சாவுக்கு மாற்றுச் சொல் தேடுவது ஒன்றும் புதிதல்ல. நன்னூல் இதற்கு 'மங்கலம்' என்று பெயர் கொடுத்துத் தகுதி வழக்கில், அதாவது தகுதி கருதி ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைச் சொல்லும் வழக்கில், சேர்த்திருக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் வழக்கமாகக் காட்டும் உதாரணங்கள். துஞ்சுதல் என்றால் தூங்குதல். சங்க கால மன்னர்கள் சிலரை இறந்த இடத்தை வைத்தே அடையாளம் சொன்னார்கள்: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி. ராஜராஜ சோழனின் தந்தை சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. இங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் அறிவிப்பில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போடும்போதெல்லாம் எனக்கு இந்த மன்னர்கள் ஞாபகம் வரும். சமயம் வேறு, உறக்கம் ஒன்றுதான்.

'இறந்தார்' என்பதும் தொடக்கத்தில் இப்படி ஒரு மறைமுகச் சொல்தான். இற என்றால் கடந்து போ. தொல்காப்பியம் முக்காலத்தை 'இறப்பின் நிகழ்வின் எதிர்வின்' என்கிறது. கடந்த காலத்தை இன்றும் இலக்கணப் பாடத்தில் இறந்த காலம் என்றுதானே சொல்கிறோம்? குறள் 159இல் வரும் 'இறந்தார்' உயிரோடு இருப்பவர்கள், வரம்பு கடந்து பேசுகிறவர்கள். ஒளிவுமறைவில்லாத சொல் 'சாவு' ஒன்றுதான். தெலுங்கிலும் அது சாவு, கன்னடத்திலும் சாவு. அவ்வளவு பழைய சொல்.

ஊருக்கு ஊர் வழக்கு மாறுவதையும் மகளுக்குச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் எல்லா ஊர்க்காரர்களும் ஒரே புளோக்கில் இருப்பதால் ஒரே துக்கத்துக்கு நாலு பெயர் காதில் விழும். மதுரை, சிவகங்கைப் பக்கத்தவர்கள் கேதம் கேட்கப் போவார்கள். வருத்தத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது அது. திருநெல்வேலிக்காரர்கள் துட்டி கேட்பார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு அது 'செத்த வீடு'. அப்படிச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மவுத்து என்பார்கள், அரபுச் சொல். தஞ்சாவூர்ச் சீமையில் எழவு. உங்கள் சின்னம்மா பேசியது அவர் ஊர்த் தமிழ்.

சரி, வீட்டில் எப்படி நடந்துகொள்வது? 'என்ன எழவு' என்றால் கண்டிப்பதாகச் சொன்னீர்கள். அதைத் தொடருங்கள், தப்பே இல்லை. ஒருவர் வாய்விட்டு அழுத சொல்லை லிஃப்ட் வரவில்லை என்பதற்காக இறைக்கக் கூடாது என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது புரியும். அதற்காக அவள் நாளைக்கே ஆறுதல் சொல்லப் போகிற இடத்தில் 'எழவுக்கு வந்தேன்' என்று சொல்லத் தேவையில்லை. இந்தச் சொல் இழந்தவர் வாயில் வந்தால் அழுகை. பார்க்கப் போகிறவர் வாயில் வந்தால், கேட்பவருக்கு எப்படிப் படும் என்று சொல்ல முடியாது. 'துக்கம் கேட்க வந்தேன்', 'மனசைத் தேத்திக்குங்க' போதும். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் போதும்.

எழுதும்போது எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் 'இலவு வீடு' என்று எழுதுகிறார்கள். இலவு பஞ்சு மரம். கிளி காத்திருந்து ஏமாந்த மரம். இழவில் வருவது சிறப்பு ழகரம்.

அறிவிப்புக்கு வருவோம். நாளிதழ் அறிவிப்பில் 'இழவு' என்ற பெயர்ச்சொல்லைப் போடச் சொல்ல மாட்டேன். படிப்பவர்களில் பாதிப்பேர் அதை உங்கள் மகள் கேட்டது போலத்தான் கேட்பார்கள். ஆனால் அதன் வினையைத் தாராளமாகப் போடலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"எங்கள் அன்புத் தாயாரை இழந்து வாடிய வேளையில் நேரில் வந்தும், தொலைபேசி வழியாகவும், மலர்வளையம் அனுப்பியும் எங்களுக்கு ஆறுதல் அளித்த உற்றார் உறவினர், நண்பர்கள், அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி."

நன்றி அறிவிப்பில் பேசுகிறவர்கள் நீங்கள்தான். அதனால் உங்களை எழுவாயாக வைத்துச் சொல்லும் 'இழந்து' அங்கே கச்சிதமாக உட்காரும். அம்மா என்ன ஆனார் என்பது முதல் அறிவிப்பிலேயே வந்திருக்கும்.

முதல் அறிவிப்புக்கு எந்தச் சொல் என்று வேறு வாசகர்களும் கேட்பதுண்டு. குடும்பத்தின் நம்பிக்கையைப் பொறுத்தது அது. சைவக் குடும்பம் என்றால் சிவபதம் அடைந்தார், வைணவர் என்றால் திருநாடு அலங்கரித்தார் அல்லது வைகுண்ட பதவி அடைந்தார். பெரியார் இங்கே வந்து போனவர். சீர்திருத்தக் கருத்தோடு வளர்ந்த குடும்பங்கள் 'இயற்கை எய்தினார்' என்று போட விரும்பினால் அப்படியே விட்டுவிட வேண்டும், கடவுளைக் கொண்டுவந்து திருத்தக் கூடாது. எதுவும் முடிவாகவில்லை என்றால் 'காலமானார்' போதும். அது எல்லாருக்கும் பொருந்தும்.

16ஆம் நாள் அழைப்பில் 'கருமக்கிரியை' என்று அச்சடிப்பது இங்கே வழக்கம். கருமம், கிரியை, காரியம் மூன்றும் 'செய்' என்று பொருள்படும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. நீங்கள் கடிதத்தில் எழுதியதுபோல 'காரியம்' என்று போட்டாலும் குறை ஒன்றும் இல்லை. 'கருமம்' என்ற சொல்லைப் பார்த்து மகள் மறுபடியும் முகம் சுளித்தால், 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்ற குறளைக் காட்டுங்கள் (505). அங்கே கருமம் என்றால் ஒருவர் செய்யும் செயல்.

அப்பா முன்பே தவறியிருந்தால் அவர் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று சேருங்கள். அம்மா பெயருக்கு முன் 'அமரர்' போடுவதாக இருந்தால் அதுவே மரியாதை அடைதான். கூட 'திருமதி' வேண்டாம். பேரப்பிள்ளைகள் பெயரை அச்சுக்குக் கொடுக்கும் முன் அடையாள அட்டையில் தமிழ் எழுத்துகள் இருந்தால் அவற்றோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சின்னம்மாவின் பெயரையும் உறவினர் வரிசையில் சேர்த்துவிடுங்கள். நேரில் வர முடியாதவர்களின் பெயர்தான் இந்த அறிவிப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போகிறது.